நினைவாற்றல் ஆய்வில் இரு பெருநூல்கள்: ஒரு திறனாய்வு

கற்பித்தல் முழுவதும் நினைவாற்றலை நம்பியே நடைபெறுகிறது. ஆசிரியர் இன்று கூறியது நாளை மாணவன் உள்ளத்தில் இருக்க வேண்டும். இல்லையெனில் கற்பித்ததாகக் கூற இயலாது. அவ்வாறு இல்லாதபோது பெரும்பாலும் பழி மாணவனையே சார்கிறது. 'கவனமில்லாதவன்', 'முயற்சியற்றவன்' என்னும் இரு சொற்களுள் ஒன்றால் வழக்குத் தீர்க்கப்படுகிறது. தீர்ப்பு வழங்குமுன், மறதி என்பது யாது, அது எவ்வாறு நிகழ்கிறது என்று வினவுவது முறையாகும்.

இவ்வினாவைச் சோதனை வழியில் எழுப்பிய நூல்களுள் இரண்டு தலையாயவை. ஒன்று, ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட 'நினைவாற்றல் பற்றி' என்னும் சிறு நூல். மற்றொன்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட 'நினைவுகூர்தல்'. ஆசிரியப் பயிற்சி பெற்றோர்க்கு இவ்விருவர் பெயரும் புதியன அல்ல. ஆயினும், முழுதும் படிக்கப்படாமலே மேற்கோள் காட்டப்படும் நிலை இவ்விரு நூல்களுக்கும் நேர்ந்துள்ளது. முன்னதிலிருந்து ஒரு வளைகோடும், பின்னதிலிருந்து ஒரு பேய்க்கதையும் மட்டுமே பலர்க்கு எஞ்சியுள்ளன. நூல்கள் உண்மையில் கூறுவனவற்றை நோக்கினால், மறக்கும் மாணவன்மீது சுமத்தப்படும் பழி எத்துணைப் பொருந்தாதது என்பது புலனாகும்.

எபிங்ஹாஸின் துணிவு

எபிங்ஹாஸ் தம் சோதனைகளைத் தொடங்கிய 1879ஆம் ஆண்டில்தான் வில்லெம் வுண்ட் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். புலன் உணர்ச்சிகளை அளக்கலாம். நினைவு போன்ற உயர்நிலை உளச்செயல்களைச் சோதனையால் அளக்க இயலாது என்பதே அன்று ஓங்கியிருந்த கருத்து. எபிங்ஹாஸ் அக்கருத்தை மறுத்து வாதிடவில்லை, அளந்தே காட்டினார். ஆய்வுக்கூடமும் உதவியாளரும் அவர்க்கில்லை. சோதிப்பவரும் அவரே, சோதிக்கப்படுபவரும் அவரே.

முன்பே அறிந்த சொற்களைக் கொண்டு சோதித்தால் பழைய நினைவுகள் வந்து கலக்கும். இதனைத் தவிர்க்க, மெய்யொலி ஒன்று, உயிரொலி ஒன்று, மீண்டும் மெய்யொலி ஒன்று என அமைந்த பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 உருவாக்கினார். அவற்றை வரிசைகளாக்கி, கடிகார ஒலிக்கு இசையப் படித்து, பிழையின்றி ஒப்புவிக்கும்வரை மனனம் செய்தார். குறிப்பிட்ட காலம் கழிந்தபின் அதே வரிசையை மீண்டும் மனனம் செய்தார். முதன்முறை 1,000 விநாடி தேவைப்பட்டு, மறுமுறை 600 விநாடி போதுமானதாயின், 40 விழுக்காட்டு உழைப்பு மிச்சமாயிற்று எனக் கணக்கிட்டார். இம்மிச்சமே அவருடைய அளவுகோல்.

அவ்வளவுகோலின்படி ஏறத்தாழ 20 நிமிடத்திற்குப் பின் 58 விழுக்காடும், ஒரு மணி நேரத்திற்குப் பின் 44 விழுக்காடும், ஒரு நாளுக்குப் பின் 34 விழுக்காடும் மிச்சமாயின. ஆறு நாள் கழிந்தபின் மிச்சம் 25 விழுக்காடு. 31 நாள் கழிந்தபின்னும் அது 21 விழுக்காட்டிற்குக் குறையவில்லை. மறதி முதலில் விரைந்து வீழ்ந்து, பின்னர்த் தளர்நடையிடுகிறது. 2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் அச்சோதனையை மீண்டும் நடத்தி, ஒருவரை 70 மணி நேரம் மனனத்தில் ஈடுபடுத்தியபோதும் வளைகோடு பெரிதும் மாறாதிருந்தது. 130 ஆண்டு கடந்தும் நிலைநிற்கும் அளவீடு எளிதில் வாய்ப்பதன்று.

வளைகோட்டின் தவறான வாசிப்பு

ஆனால், இவ்வளைகோட்டைக் காட்டி, 'கற்றவற்றுள் மூன்றில் இரு பங்கை மாணவர் ஒரே நாளில் மறந்துவிடுகின்றனர்' என்று கூறுவோர் இருவகையில் பிழை செய்கின்றனர்.

முதற்பிழை, அளவுகோலைப் பற்றியது. எபிங்ஹாஸ் அளந்தது, எத்தனை அசைகள் நினைவில் நின்றன என்பதையன்று. மறுபடி கற்கையில் எவ்வளவு உழைப்புக் குறைந்தது என்பதையே. ஓர் அசையும் நினைவுக்கு வராத நிலையிலும் மறுமுறை கற்பது எளிதாகலாம். அஃதாவது, முற்றும் மறந்ததாகத் தோன்றுவதும் தடமின்றி அழிந்துவிடவில்லை. நூலின் தனிச்சிறப்பு இதுவே. மறதியின் வேகத்தைக் காட்டிய நூலாக மட்டும் போற்றப்படும் இது, மறந்த பின்னும் எஞ்சுவதை முதன்முதல் அளந்து காட்டிய நூலாகும். சென்ற ஆண்டுப் பாடத்தை ஒப்புவிக்க இயலாத மாணவனிடம் அவ்வாண்டின் உழைப்பு வீணாகிவிடவில்லை. அது மறுகற்றலில் வெளிப்படும்.

இரண்டாம் பிழை, பொருளைப் பற்றியது. வளைகோடு பொருளற்ற அசைகளுக்கு உரியது. பொருளுள்ள பகுதி எவ்வாறு மனத்தில் பதிகிறது என்பதையும் எபிங்ஹாஸ் ஆராயாமல் விடவில்லை. ஆங்கிலக் கவிஞர் பைரனின் 'டான் ஜுவான்' காவியப் பகுதிகளை மனனம் செய்தார். ஏறத்தாழ 80 அசை கொண்ட ஒரு பாடலுக்கு ஒன்பது முறைக்கும் குறைவான வாசிப்பே போதியதாயிற்று. அதே அளவு பொருளற்ற அசைகளுக்கு 70 முதல் 80 முறை வேண்டியிருக்கும் என்று கணித்தார். பொருளும் சந்தமும் இயைபும் மொழியின் ஒழுங்கும் சேர்ந்து உழைப்பைப் பத்தில் ஒரு பங்காக்கின. எதுகை, மோனை, ஒன்றன் முடிவை மற்றொன்றன் முதலாக்கும் அந்தாதி ஆகியவை நெஞ்சில் நிற்கத் துணைசெய்வதைத் தமிழாசிரியர் நாள்தோறும் காண்கின்றனர். அதனை எண்ணால் காட்டியவர் எபிங்ஹாஸ்.

வகுப்பறைக்கு நேரே பயன்படும் மற்றொரு முடிவும் நூலில் உண்டு. பன்னிரண்டு அசை வரிசை ஒன்றை மறுநாள் கற்பதற்கு, முந்திய ஒரே நாளில் செய்த 68 வாசிப்புகள் எவ்வளவு துணைபுரிந்தனவோ, அவ்வளவு துணையை மூன்று நாள்களில் பகிர்ந்து செய்த 38 வாசிப்புகளே புரிந்தன. தேர்வுக்கு முன்னிரவில் நிகழும் பெருமனனத்தின்மீது 1885ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்ட தீர்ப்பு இது.

எனினும் நூலின் குறையும் வெளிப்படை. துல்லியத்தை நாடிய ஆசிரியர் பொருளை நீக்கினார். நீக்கியது நினைவின் உயிர்ப்பகுதியை. பிற்காலத்தில் பிரெஸ்லாவ் நகர அதிகாரிகள், நீண்ட பள்ளி நேரத்தால் மாணவர் களைப்புறுகின்றனரா எனக் கண்டறிய அவரை நாடினர். அப்போது அவர் வகுத்த சோதனைகளுள், நன்கு கற்போரையும் பின்தங்கியோரையும் வேறுபடுத்திக் காட்டியது பொருளற்ற அசைகளைக் கொண்டதன்று. உரைநடைப் பகுதியில் ஆங்காங்கே விடுபட்ட இடங்களை நிரப்பச் செய்த சோதனையே. மாணவரின் அறிவை அளக்கப் புகுந்தபோது, தாம் விலக்கிய பொருளையே அவர் மீண்டும் நாட வேண்டியதாயிற்று.

பார்ட்லெட்டின் பேய்க்கதை

விலக்கப்பட்ட அப்பொருளையே நடுவில் வைத்து எழுந்தது பார்ட்லெட்டின் நூல். பொருளற்ற அசையாயினும் மனிதன் அதில் ஏதேனும் ஒரு பொருளைத் தேடியே தீர்வான்; ஆகவே பொருளை நீக்கிய சோதனை எளிமையானதன்று, செயற்கையானது என்பது அவர் வாதம்.

அவர் தேர்ந்த கருவி, 'பேய்களின் போர்' என்னும் வட அமெரிக்கப் பழங்குடிக் கதை. கடல்நாய் வேட்டைக்கு ஆற்றங்கரை சென்ற இளைஞர் இருவருள் ஒருவன், தோணியில் வந்த வீரர்களுடன் போருக்குச் செல்கிறான். அங்கே தான் காயமுற்றதாகப் பிறர் கூறக் கேட்கிறான்; ஆனால் வலியை உணரவில்லை. உடன்வந்தோர் பேய்கள் என எண்ணுகிறான். வீடு திரும்பி நிகழ்ந்தவற்றைக் கூறுகிறான். கதிரவன் எழும்போது வீழ்கிறான், அவன் வாயிலிருந்து கரிய பொருளொன்று வெளிப்படுகிறது, இறந்துவிடுகிறான். ஆங்கிலேயர்க்கு இக்கதையின் தொடர்பு விளங்குவதில்லை. அதனாலேயே பார்ட்லெட் இதனைத் தேர்ந்தார்.

இருபதின்மர் கதையை இருமுறை படித்து, கால்மணி நேரம் கழிந்தபின்னும், பின்னர் நாள், திங்கள், ஆண்டு இடைவெளிகளிலும் நினைவிலிருந்து எழுதினர். ஒருவர் ஆறரை ஆண்டு கழித்தும் எழுதினார். எழுத எழுதக் கதை சுருங்கியது, மாறவும் செய்தது. பழங்குடியினரின் தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. பேய்கள் சிலரது கதையில் மறைந்தன. வாயிலிருந்து வந்த கரிய பொருள், நுரையாகவோ உயிராகவோ மாறியது. எழுதியவர் எவரும் வேண்டுமென்றே திரிக்கவில்லை. தமக்குப் பழகிய உலகின் அமைப்பில் பழகாத கதையை ஒவ்வொருவரும் பொருத்திக்கொண்டனர்.

இதிலிருந்து பார்ட்லெட் பெற்ற முடிபு, நினைவு என்பது பெட்டியில் வைத்ததை எடுத்துத் தருவதன்று என்பதாம். பழைய அனுபவங்கள் திரண்ட உளச்சட்டகம் ஒன்றும், அப்பொழுதைய மனப்பாங்கும் சேர்ந்து, நிகழ்ச்சியை ஒவ்வொரு முறையும் மீண்டும் கட்டியெழுப்புகின்றன.

இம்முடிபின் ஆற்றல் பெரிது. ஆனால் அதனைத் தாங்கும் சான்று எபிங்ஹாஸின் சான்றுபோல் உறுதியானதன்று. கால இடைவெளிகள் ஒழுங்காக வகுக்கப்படவில்லை. ஆட்கள் வாய்த்தபோது எழுதுவிக்கப்பட்டனர். எண் கணக்குகள் அரியவை. 1967இல் கால்டு, ஸ்டீவன்சன் ஆகிய இருவர், பிழையின்றி எழுதுமாறு வலியுறுத்தியபோது புனைவு குறைந்ததைக் காட்டினர். ஆகவே, 'நினைவெல்லாம் கற்பனையே' என்று பார்ட்லெட்டின் பெயரால் கூறுவது மிகையாகும். மறுபுறம், 1999இல் பெர்க்மன், ரோடிகர் ஆகியோர் முறையான இடைவெளிகளோடு அதே கதையைச் சோதித்தபோது திரிபுகள் காலத்தோடு பெருகக் கண்டனர். குறைகளைத் திருத்திய பின்னும் நூலின் கருத்து வீழவில்லை.

ஆசிரியர்க்கு இதனால் வரும் பயன் தெளிவானது. அடுக்குமாடியில் வளரும் சிறுவன் ஏற்றம் இறைக்கும் காட்சியைப் படித்துவிட்டு, பின்னர் எழுதுகையில் குழாய் நீரைக் கூறினால், அது வெறும் கவனக்குறைவன்று. ஏற்றம் அவனுடைய உலகில் இல்லை. அவன் மாற்றிய இடமே அவனுக்கு விளங்காத இடம். சிவப்பு மையால் அதனை அடிப்பதோடு நின்றுவிடும் ஆசிரியர், மாணவன் தாமாகவே காட்டிய வழியைத் தவறவிடுகிறார்.

இரு நூல்களும் தொடாத இடம்

இரு நூல்களும் மறதியை இழப்பாகவே கொள்கின்றன. மறக்க விரும்பியும் மறக்க இயலாதவனின் துன்பம் இவற்றில் இடம்பெறவில்லை. இத்தனைக்கும், பார்ட்லெட் பயின்ற செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலேயே அத்துன்பத்தை நேரில் கண்டவர் ஒருவர் இருந்தார். நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் நூலெழுதிய ரிவர்ஸ் என்பாரே அவர். முதலாம் உலகப் போரில், எடின்பரோவின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில், போர் அதிர்ச்சியுற்ற அதிகாரிகளுக்கு அவர் மருத்துவம் செய்தார். போர்க் காட்சிகளை மனத்திலிருந்து விலக்க முயன்றவர்களை அவை இரவுகளில் கனவாக வந்து வருத்தின. அஞ்சி அடக்குவதை விடுத்து, அவற்றைத் தாங்கத்தக்க ஒரு பொருளோடு எண்ணிப்பார்க்கச் செய்தபோது பலர் தேறினர் என்று 1918இல் எழுதினார். அவ்வாறு தாங்கத்தக்க பொருள் எதுவும் காண இயலாத ஒருவரிடம் தம் முறை பயன்படவில்லை என்பதையும் மறைக்காது பதிந்தார்.

வகுப்பில் பாடம் ஏறாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையின் உள்ளம் வெறுமையாக இல்லாமல், வீட்டில் கண்ட ஏதோ ஒன்றால் நிறைந்திருக்கலாம். அப்பிள்ளைக்கு எபிங்ஹாஸின் மறுவாசிப்பும் பார்ட்லெட்டின் சட்டகமும் முதல் மருந்தல்ல.

முடிபு

ஒரு நூல் துல்லியத்திற்காகப் பொருளை இழந்தது. மற்றொன்று பொருளுக்காகத் துல்லியத்தை இழந்தது. ஆயினும் இரண்டும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன: நினைவு என்பது மாணவன் பெற்றுக்கொள்ளும் பொருளன்று, அவன் செய்யும் செயல். எபிங்ஹாஸிடம் அச்செயல் மறுகற்றல், பார்ட்லெட்டிடம் மறுகட்டுமானம்.

2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் நடத்திய சோதனை இதற்கு வலுவூட்டுகிறது. உரைநடைப் பகுதியை இருமுறை படித்தவர், ஒருமுறை படித்துப் பின் நினைவிலிருந்து எழுதியவர் என இரு திறத்தாரை அவர்கள் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இருமுறை படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழிந்தபின் அவர்க்கு எஞ்சியது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்க்கு 56 விழுக்காடு. உடனே கேட்டுப் பார்த்து நிறைவடையும் ஆசிரியர், எளிதில் ஏமாறக்கூடும் என்பதும் இதனால் விளங்கும்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவன் பெறுவது கால் பங்கே என்றும், உடன்பயில்வாரோடு பழகுவதால் ஒரு கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்றும் பாயிரத்தில் வகுத்தார். இப்பங்கீடு சோதனையால் பெற்றதன்று. சோதனை முடிவோடு சமமாக வைத்துப் பெருமை கொள்வதற்கும் உரியதன்று. ஆனால், கேட்பதினும் எடுத்துரைப்பதே கல்வியை நிலைநிறுத்தும் என்னும் கருத்தில் இலக்கண நூலும் ஆய்வு நூலும் ஒருங்கு நிற்பது சிந்திக்கத்தக்கது.

ஆகவே, மனப்பாடத்தைக் கைவிட வேண்டியதில்லை. பொருள் விளங்கிய பின் அது தொடங்க வேண்டும். ஒரே நாளில் குவியாமல் பல நாள்களில் பரவ வேண்டும். மீண்டும் படிப்பதோடு நில்லாமல், நூலை மூடிவிட்டுச் சொல்வதாகவும் அமைய வேண்டும். மறந்து நிற்கும் மாணவனைக் காணும்போது, 'ஏன் மறந்தாய்?' என்னும் கேள்விக்கு முன்னர், அப்பாடத்தை அவனாகவே எடுத்துரைக்க எத்தனை முறை வாய்ப்பளிக்கப்பட்டது என்னும் கேள்வி எழ வேண்டும். அதற்கு விடைகூற வேண்டியவர் ஆசிரியரே.