மூடிய கதவுக்குள்

செக் நாட்டிலிருந்து 2020-ஆம் ஆண்டு வெளிவந்த 'வலையில்' என்னும் ஆவணப்படத்தைப் பற்றிச் சில எண்ணங்களை வாசகர்முன் வைக்க விழைகிறோம். வீட் க்ளுசாக், பார்போரா ஹலுபோவா ஆகிய இருவர் இயக்கியது. கலைநயத்துக்காக அன்று, அது நம் குடும்பங்களிடம் எழுப்பும் கேள்விக்காகவே இதனை எடுத்துக்கொள்கிறோம்.

படப்பிடிப்புக் கூடமொன்றில் மூன்று சிறுமியரின் அறைகள் அமைக்கப்படுகின்றன. பொம்மைகள், படுக்கை, மேசைமேல் கணினி. உள்ளே அமர்ந்திருப்போர் 18 வயதைக் கடந்தும் குழந்தைமுகம் மாறாத நடிகையர் மூவர். சமூக வலைத்தளங்களில் 12 வயதுச் சிறுமியராகத் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். தாமாக எவரையும் அழைக்கக் கூடாது. வயதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தவறான பேச்சைத் தூண்டக் கூடாது என்பவை அவர்களுக்கு இடப்பட்ட கட்டளைகள். பத்தே நாள்களில் அவர்களை நாடி வந்த ஆண்கள் 2,458 பேர்.

இந்த எண்ணிக்கையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நம்மை அதைவிட வருத்தியது அம்மனிதர்கள் நடந்துகொள்ளும் முறை. பலருக்கு முகமன் கூறும் பொறுமைகூட இல்லை. பன்னிரண்டு என்று கேட்ட பின்னும் கூச்சமில்லை. முகங்களை மங்கலாக்கிய இயக்குநர்கள், கண்களையும் வாயையும் மட்டும் தெளிவாக விட்டிருக்கிறார்கள். அந்தக் கண்கள் அண்டை வீட்டாரின் கண்களைப் போலவே இருக்கின்றன. ஒருவனைப் படக்குழுவிலேயே அடையாளம் காண்கின்றனர்: சிறுவர்களுக்கு விடுமுறைப் பயணங்கள் நடத்துபவன் அவன். கயவன் பல வேளைகளில் அறிமுகமானவனே என்பதைத் திருச்சபையும் தன் இல்லத்திலேயே கண்ணீரோடு கற்றது. 2019 பிப்ரவரியில் ஆயர் பேரவைகளின் தலைவர்கள் சிறார் பாதுகாப்புக்கென்றே உரோமையில் கூட வேண்டி வந்தது.

படத்தின் உயிர்நாடி என்று நாம் கருதுவது வேறொரு பகுதி. விடாது நச்சரிப்போருக்கு ஆடையற்ற படம் அனுப்பப்படுகிறது. அது வயதுவந்த வேறொரு பெண்ணின் உடலோடு நடிகையின் முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படம். அது கைக்குக் கிடைத்ததும் குரல் மாறுகிறது. மேலும் படங்கள் வேண்டும், இல்லையேல் ஊரறியப் பரப்புவேன் என்கிற மிரட்டல். போலி என்று அறிந்திருந்தும் பார்க்கும் நமக்கே நெஞ்சு பதறுகிறது. இந்த மிரட்டலுக்கு வலுவூட்டுவது எது? வீட்டில் தெரிந்துவிடுமே என்னும் அச்சம். அம்மாவின் அழுகை, அப்பாவின் அடி, பிடுங்கப்படும் கைப்பேசி, நிறுத்தப்படும் படிப்பு. நம் குடும்பங்களில் மானம் என்ற சொல்லுக்கு உள்ள கனம் கயவனுக்குக் கூலியில்லாக் காவலாகிவிடுகிறது. நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் இத்தகைய மிரட்டலைக் குற்றமெனத் தண்டிக்கிறது. 1098 என்னும் எண்ணில் உதவியும் கிடைக்கிறது. ஆயினும் பிள்ளை வாய் திறந்தால்தானே?

படத்தின் குறையும் இங்கேதான். இறுதியில் குழுவினர் ஒருவனை அவன் வீட்டுக்கே தேடிச் சென்று கேள்வி கேட்கிறார்கள். பார்ப்போருக்கு அது மனநிறைவு தரலாம். செக் காவல்துறை படச்சான்றுகளைப் பெற்று நடவடிக்கை எடுத்ததும் நல்லதே. ஆனால் ஒரு சிறுமி இதனைத் தன் தாயிடம் எப்படிச் சொல்வாள், தாய் எப்படிக் கேட்பாள் என்பதற்கு, வேட்டைக்குத் தந்த நேரத்தில் பாதியேனும் தந்திருக்கலாம். நடிகையருக்குத் துணையாக உளவியலாளரும் வழக்குரைஞரும் அருகிலேயே இருந்தனர். உண்மையான சிறுமியின் அறையிலோ மூடிய கதவு மட்டுமே.

ஒரு காட்சியைச் சொல்லி நிறுத்துகிறோம். அத்தனை பேருக்கிடையே ஓர் இளைஞன் அச்சிறுமியிடம் மனிதனாகப் பேசுகிறான். யார் கேட்டாலும் அப்படிப்பட்ட படங்களை அனுப்பாதே என்கிறான். நடிகை அழுதுவிடுகிறார். இயக்குநர்கள் அவன் முகத்தை மட்டும் மங்கலாக்கவில்லை.