குழப்பமொன்னுமில்ல

மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. தமிழில் குழப்பம் குழப்பம்தான். திருவனந்தபுரம் கரமனையில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கும் எனக்கு இந்த வித்தியாசம் பழகிவிட்டது. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்து, டெக்னோபார்க் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு கழக்கூட்டத்துக்கு வந்து ஒன்றரை வருடமே ஆன என் அக்கா மகளுக்கு இன்னும் பழகவில்லை. தலைச்சன் பிள்ளை. ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்த டாக்டர், வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைத்துக்கொள்ள டிஷ்யூவை நீட்டியபடி சொன்னது ஒன்றே ஒன்று: “குழப்பமொன்னுமில்ல.” முக்கால் மணி நேரம் கழித்துக் கவுண்டரில் ரிப்போர்ட்டைக் கொடுத்தார்கள். குழந்தையின் மூளையில் இரண்டு பக்கமும் கோராய்டு பிளெக்சஸ் சிஸ்ட், பெரியது 4 மில்லிமீட்டர் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. அடியில், மற்ற மருத்துவ விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று ஒரு வரி.

“ஒண்ணுமில்லன்னு சொன்னாரே சித்தி, அப்ப இத எதுக்கு எழுதியிருக்கு?”

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. அவளுடைய மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அன்று சனிக்கிழமை. நடுவில் நான்கு இரவுகளோ ஐந்தோ, எண்ணி என்ன ஆகப்போகிறது. அவள் ஒன்றிலும் தூங்கவில்லை.

மூளையைச் சுற்றியுள்ள நீரைச் சுரக்கும் திசுவுக்குப் பெயர் கோராய்டு பிளெக்சஸ். கரு வளரும்போது அதன் மடிப்புகளில் கொஞ்சம் நீர் சிக்கிக்கொண்டால் திரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும். நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டில் இது தென்படும். ஏழாம் மாதத்துக்குள் பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். குழந்தையின் அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறகு ஏன் எழுதுகிறார்கள்? எட்வர்ட்ஸ் சின்ட்ரோம் என்ற கடுமையான குரோமோசோம் கோளாறுள்ள கருக்களில் இந்த நீர்க்கட்டி அடிக்கடி இருக்கும் என்பதால். ஆனால் அப்படிப்பட்ட கருவில் இதயக் கோளாறு, விரிக்காத கைவிரல்கள் என்று வேறு அடையாளங்களும் கிட்டத்தட்ட எப்போதும் கூடவே தெரியும். மற்ற எல்லாம் சரியாக இருக்க, நீர்க்கட்டி மட்டும் தனியாக இருந்தால் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. இவ்வளவுதான் விஷயம். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வாய் வார்த்தையாகச் சொன்னால் போதும்.

நம் ஸ்கேன் முறையின் கோளாறு மிஷினில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்தவர் பேசுவதில்லை, பேச வேண்டியவர் பார்த்திருப்பதில்லை. ரேடியாலஜிஸ்ட் இன்னொரு டாக்டருக்காக ஒரு கடிதம் எழுதுகிறார். அதை முதலில் பிரித்துப் படிப்பவள் கர்ப்பிணி.

ஸ்கேனைக் குறை சொல்லிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் கூட்டாளிகளும் லான்செட் இதழில் அந்த முதல் கட்டுரையை எழுதாமல் போயிருந்தால், நஞ்சுக்கொடி கீழே படிந்திருப்பதும் இரட்டைப் பிள்ளை இருப்பதும் பிரசவ அறையில்தான் தெரியவரும். என் அம்மா காலத்தில் அப்படித்தான் தெரிந்தது. ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டு பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. சிசு மரணத்தைக் கேரளம் அளவுக்குக் குறைத்துவிட்ட ஒரு மாநிலத்தில் தொற்றும் பட்டினியும் பின்வாங்கிய இடத்துக்கு இந்தப் பிறவிக் கோளாறுகள் முன்னே வந்து நிற்கின்றன. 2017இல் மாநில அரசு தொடங்கிய ‘ஹிருத்யம்’ திட்டம் அந்தக் கணக்கைப் பார்த்துப் பிறந்ததுதான்: குழந்தையைப் பதிவுசெய்தால் இதய அறுவை சிகிச்சைக்கு இலவசமாக வழி செய்கிறார்கள். பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்கு முதல் சில நாட்களே உயிர்ப் பிரச்சினை. அதை ஐந்தாம் மாதத்திலேயே கண்டுவிட்டால் பிரசவத்தை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்யலாம். திருவனந்தபுரம் இதில் கொடுத்துவைத்த ஊர். ஊரே எஸ்.ஏ.டி. என்று சுருக்கிச் சொல்லும் ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரியும், இதய சிகிச்சைக்குப் பெயர்போன ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்த அவிட்டம் திருநாள் ஆறு வயதில் இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசர் என்பது அங்கே வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

ஆனால் ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 1993இல் வெளியான ராடியஸ் ஆய்வில், எல்லாருக்கும் வழக்கமாக ஸ்கேன் எடுத்த குழுவில் கூடக் குறையுள்ள கருக்களில் 35 சதவீதமே பிரசவத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டன. இன்றைய மிஷின் அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு தெளிவானது. அந்த எண்ணை இன்றைக்கு அப்படியே ஒட்டக் கூடாது. ஆனாலும் பார்க்கிற கண், குழந்தை படுத்திருக்கும் விதம், அம்மாவின் உடல்வாகு, வாசலில் இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எல்லாம் முடிவில் கலந்துதான் வருகின்றன. 2024 நவம்பரில் ஆலப்புழையில் பல குறைகளோடு ஒரு குழந்தை பிறந்தது. கர்ப்ப காலத்தில் பல முறை ஸ்கேன் எடுத்தும் ஒருவரும் சொல்லவில்லை என்று பெற்றோர் புகார் கொடுக்க, நான்கு டாக்டர்கள் மேல் போலீஸ் வழக்குப் பதிவுசெய்தது. யார் பக்கம் தவறு என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. அந்தச் செய்தியைப் படித்த ஒவ்வொரு ஸ்கேன் டாக்டரும் அடுத்த நாள் ரிப்போர்ட்டில் ஒரு வரியாவது கூட எழுதியிருப்பார் என்பது என் ஊகம். விட்டுவிட்டால் வழக்கு, எழுதிவைத்தால் யாரோ ஒரு பெண்ணின் தூக்கம் போகும், அதற்கு வழக்கு கிடையாது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிடு என்பதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பத்திரம்.

இந்த நீர்க்கட்டி வகையறாவுக்கு டாக்டர்கள் ‘சாஃப்ட் மார்க்கர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது தன்னளவில் நோய் கிடையாது. வேறொன்றைச் சுட்டக்கூடிய குறி. இதன் வரலாறு சுவையானது. 1985இல் பாஸ்டனில் பெரில் பெனசெராஃப், டவுன் சின்ட்ரோம் உள்ள கருக்களின் பிடரித் தோல் தடித்திருப்பதைக் கவனித்துச் சொன்னார். அதன்பின் இதயத்தில் வெண்புள்ளி, சிறுநீரகத்தில் லேசான வீக்கம், தொடையெலும்பு நீளக் குறைவு என்று பட்டியல் நீண்டது. அப்போது அதற்குத் தேவை இருந்தது. நம்பகமான ரத்தப் பரிசோதனை கையில் இல்லை. இன்று மூன்றாம் மாதத்தில் பிடரி நீரளவைப் பார்க்கும் என்.டி. ஸ்கேன் உண்டு, டபுள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, அம்மாவின் ரத்தத்திலிருந்தே குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் பரிசோதனையும் வந்துவிட்டது. அந்த ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தால், தனியாகத் தெரியும் மூளை நீர்க்கட்டிக்கோ இதய வெண்புள்ளிக்கோ மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தாய்–சேய் மருத்துவச் சங்கம் 2021இல் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. பட்டியல் மட்டும் இன்னும் ரிப்போர்ட் படிவத்தை விட்டு இறங்கவில்லை. கர்ப்பிணியைப் பீதியடையச் செய்ய மிகச் சிறந்த வழி மகப்பேறு ஸ்கேன் என்று ராய் ஃபில்லி என்ற ரேடியாலஜிஸ்ட் 2000இலேயே தன் துறை இதழில் தலைப்பிட்டு எழுதினார். துறைக்குள் இருந்துகொண்டே அதைச் சொல்லத் தைரியம் வேண்டும்.

எல்லாக் குறிகளையும் ஒரே கூடையில் போடவும் கூடாது. பிடரித் தோல் தடிப்பும், மூக்கெலும்பு தெரியாமல் இருப்பதும், குடல் எலும்புபோல் வெளுத்துத் தெரிவதும் கனமான குறிகள். அவற்றைத் தொடர்ந்து விசாரிக்கத்தான் வேண்டும். ரிப்போர்ட்டிலோ கனமானதும் லேசானதும் ஒரே தடித்த எழுத்தில் வருகின்றன. என் குறை அங்கேதான்.

ரத்தப் பரிசோதனை எண்களும் இதே பாடுதான். பத்தாயிரம் கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்வோம். டவுன் சின்ட்ரோம் சுமார் 700க்கு ஒன்று என்றால் இவர்களில் 14 கருக்கள். என்.டி.யும் டபுள் மார்க்கரும் சேர்ந்து அவற்றில் பன்னிரண்டு பதின்மூன்றைப் பிடித்துவிடும், நல்ல விஷயம். ஆனால் குறையே இல்லாத கருக்களிலும் நூற்றுக்கு ஐந்து வீதம், ஏறக்குறைய 500 பேருக்கு, ‘ரிஸ்க் அதிகம்’ என்று வரும். சிவப்பு எழுத்துத் தாளோடு வீட்டுக்குப் போகும் நாற்பது பெண்களில் ஒருத்திக்குத்தான் உண்மையில் பிரச்சினை. ‘1:180’ என்று பார்த்ததும் பரீட்சையில் தோற்றுவிட்ட மாதிரி அழுகிறவர்களிடம், மற்ற 179ஐ யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தம், கருவில் கடுமையான குறை இருக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் உட்படச் சில பிரிவினருக்கு வரம்பை 20 வாரத்திலிருந்து 24 ஆக உயர்த்தியது. அதைத் தாண்டிவிட்டால் மருத்துவக் குழு பார்த்து, மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். 2008இல் மும்பையில் இருபத்தாறாம் வாரத்தில் நீதிமன்றத்துக்குப் போன ஒரு தம்பதியை வெறுங்கையோடு அனுப்பிவைத்த காலத்தை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் நடைமுறையில் எண்ணிப் பாருங்கள். இருபதாம் வாரத்தில் ஸ்கேன். பெரிய இடத்தில் மறுபடி பார்க்க ஒரு வாரம். பனிக்குட நீரை எடுத்து வளர்த்துக் குரோமோசோம்களை முழுதாகப் பார்க்க இரண்டு மூன்று வாரம். இருபத்து நான்கு வந்துவிட்டது. வேகமான பரிசோதனைகள் இரண்டு மூன்று நாளில் பதில் தரும். முக்கியமான சில குரோமோசோம்களுக்கு மட்டும். பேச வேண்டியவர் வியாழக்கிழமைதான் வருவார் என்றால், போகிற ஐந்து நாளும் இந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது.

பார்த்தவர் ஏன் பேசுவதில்லை? கூட்டம், நேரமின்மை, இன்னொருவரின் நோயாளி என்ற சங்கோஜம் எல்லாம் உண்டு. நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி ஸ்கேனுக்கு முன்னால் கர்ப்பிணி, குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். இந்த நாட்டுக்கு அந்தச் சட்டம் வேண்டியதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சட்டம் தடுப்பது ஒரே ஒரு சேதியை. ஆனால் அந்த அறையில் அது எல்லாப் பேச்சையும் சேர்த்து அடைத்துவிட்டது. திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் அளந்துவிட்டு எழுந்துபோவது பழக்கமாகிவிட்டது. என்ன தெரிய வேண்டாம் என்பதற்கு அக்கா மகள் கையெழுத்துப் போட்டாள். என்ன தெரிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப வீட்டில் ஆள் குறைவில்லை. போனில் அவள் மாமியார், “கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியாம்மா?” என்று கேட்டார். கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்த ஒரே காரணம் அது. மாப்பிள்ளை இரவெல்லாம் மொபைலில் தேடி எட்வர்ட்ஸ் சின்ட்ரோம் பற்றி எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஒன்றையும் இவளிடம் சொல்லாமல் இருந்தார். இவளும் அதையே படித்திருந்தாள், அவரிடம் சொல்லாமல். இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம்தான் அழுதார்கள். அக்கா மட்டும் கோவில்பட்டியிலிருந்து கருப்பட்டி மிட்டாயோடு பஸ் ஏறிவிட்டாள், அவளிடம் ஒன்றும் சொல்லவேயில்லை.

இதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது. ஸ்கேன் எடுத்தவரே ஐந்து நிமிடம் உட்காரவைத்து, என்ன கண்டேன், இது நோயா குறியா, அடுத்தது என்ன, எந்தத் தேதிக்குள் என்று சொல்லலாம். ரிப்போர்ட்டின் அடியில் மலையாளத்திலோ தமிழிலோ நாலு வரி எழுதலாம். தமிழ்நாட்டிலிருந்து களியக்காவிளை தாண்டி வருகிற கூட்டத்துக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரிகள் புதிதில்லை. லேசான குறி ஒன்று மட்டும் என்றால், முந்தைய ரத்தப் பரிசோதனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதையும் அதே வரியில் எழுதலாம். அக்கா மகளின் டபுள் மார்க்கர் ரிசல்ட் நன்றாகவே இருந்தது. அந்தத் தாள் அதே பையில்தான், ஸ்கேன் கவருக்குப் பின்னால் இருந்தது. எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். மகப்பேறு டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பேனாவால் அந்தத் தடித்த வரியைத் தட்டி, “குழப்பமொன்னுமில்ல, கேட்டோ” என்றார். பிறகு பழக்கத்தில் கேட்டார்: “எந்தெங்கிலும் சம்சயம் உண்டோ?” இவள் ஸ்கேன் கவரைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலால் பதினோரு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். டாக்டர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தார், பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.