'கசின் பிறதர்' என்னுஞ் சொற்றொடர்

நம் மாணாக்கர் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளிலே 'கசின் பிறதர்', 'கசின் சிஸ்ரர்' என்னுந் தொடர்கள் மலிந்து காணப்படுகின்றன. சிவப்பு மையாற் கோடிட்டு அப்பாற் செல்லுதல் ஆசிரியர்க்கு எளிது. ஆயின், பிழை யாது, அது பிறந்த காரணம் யாது என்பவற்றை உணர்த்தாத திருத்தம் நிலைபெறாது.

ஆங்கிலத்தில் இரு பெயர்கள் அடுத்து நிற்பின், பெரும்பாலும் பின்னது தலைமைச் சொல்லாகவும் முன்னது அடையாகவும் அமையும். அம்முறைப்படி 'கசின் பிறதர்' என்பது உடன்பிறந்தான் ஒருவனைக் குறித்தல் வேண்டும். 'கசின்' என்பதோ உடன்பிறவாதாரைக் குறிப்பது. எனவே இத்தொடர் தன்னைத் தானே மறுக்கின்றது. 'கசின்' இருபாற்கும் பொது. பால் வேறுபாடு பின்வரும் சுட்டுப்பெயரால் விளங்கும்.

எனினும், இதனை எழுதுபவன் சிந்தியாது எழுதினான் என்றல் பொருந்தாது. சிறிய தந்தையின் மகன் தமிழர்க்குத் தம்பியே. மாமன் மகனோ மச்சான். இவ்விருவரையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் வழங்குகின்றது. அச்சொல்லிற் காணாத உடன்பிறப்புரிமையை மாணாக்கன் 'பிறதர்' என்பதனாற் சேர்க்க முயல்கின்றான். தமிழுறவு முறையின் இவ்வொழுங்கினை லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871இல் வெளியிட்ட தமது பெருநூலில் விரித்தாராய்ந்துள்ளார். பண்டை இலத்தீனும் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தது. 'கசின்' என்பதன் மூலமாகிய 'கொன்சோப்ரீனுஸ்' முதற்கண் தாயின் சகோதரி மக்களையே குறித்தது. அத்தை, மாமன் மக்களுக்கு 'அமித்தீனுஸ்' என வேறு பெயர் இருந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த சொல்லிலே அவ்வேறுபாடு இல்லை.

நிற்க. மச்சாளையும் 'கசின் சிஸ்ரர்' என்பார் உளர். மணவுரிமை உடையாளைச் சகோதரியென்னும் இவ்வழக்கு ஆங்கிலத்துக்கும் ஒவ்வாது, தமிழ் முறைக்கும் ஒவ்வாது. தமிழிற் பேசும்போதும் எல்லாரையும் 'கசின்' என்றே சொல்லிவிடின், நம் மொழி காத்துவந்த நுண்மையை நாமே இழப்போம்.

ஆகவே, ஆங்கிலத்தில் 'கசின்' என்று மட்டும் எழுதுக. முறை இன்னதென்று காட்டல் வேண்டின், தந்தையின் சகோதரர் மகன் என்பதற்குரிய ஆங்கிலத்தை விரித்தெழுதுக. கதைமாந்தர் பேச்சில் இத்தொடர் வரின், அது வழக்கைக் காட்டுவதாதலின் அமையும். தமிழிலோ தம்பியைத் தம்பியென்றும் மச்சானை மச்சானென்றும் வழங்குதலே தகும்.