ஓடித் தேயும் டிராம்கள்

1948-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரம் தன் டிராம்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தது. போவதற்குள் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாம் என்று வந்த ஆர்வலர் கூட்டம், 45ஆம் எண் வண்டியை 10 பவுண்டுக்கு வாங்கிவிட்டது. நிறுத்த இடமில்லை, ஓட்டத் தண்டவாளமும் இல்லை. 1903-இல் கட்டப்பட்ட அந்த வண்டிக்கு மேல்தளம் திறந்தவெளி. நடுவே முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும் நீளப் பலகை. பார்கேட் என்ற பழைய கோட்டைவாசலின் வளைவுக்குள் பயணிகளின் தலை தட்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஊரின் கட்டுமானம் வண்டியின் உருவத்தை எப்படி வளைத்தது என்பதற்கு அந்தப் பலகையே சாட்சி.

இப்படித் தொடங்கியதுதான் டெர்பிஷயரின் கிரிச் டிராம் அருங்காட்சியகம். 1955-இல் அந்த ஆர்வலர்களின் சங்கம் முறையாக உருவானது. லண்டனில் 1952-இலேயே டிராம் நின்றுவிட்டிருந்தது. லீட்ஸ் 1959-இலும் ஷெஃபீல்டு 1960-இலும் கிளாஸ்கோ 1962-இலும் கைவிட்டன. சங்கத்துக்கு இடம் கிடைத்த விதம் சுவாரசியமானது. கிரிச்சில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி; அதற்கு ரயில் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீவன்சன் அமைத்த சிறு ரயில்பாதை கேட்பாரற்றுக் கிடந்தது. வேல்ஸில் டாலிலின் ரயிலைக் காப்பாற்றிக்கொண்டிருந்த தன்னார்வலர்கள் அந்தத் தண்டவாளங்களைக் கழற்றிப் போக வந்தார்கள். அவர்கள் மூலம் 1959-இல் டிராம்காரர்களுக்கு இடம் தெரியவந்தது. 1963-இல் குதிரை டிராம், அடுத்த ஆண்டே மின்சார டிராம்.

முதலில் வாங்கு, பிறகு யோசி என்ற இந்தப் போக்கை நிர்வாகம் படித்தவர்கள் ரசிக்க மாட்டார்கள். ஆனால் கட்டடமும் நிதியும் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால், காப்பாற்ற வண்டியே மிஞ்சியிருக்காது.

கிரிச்சின் உண்மையான பந்தயம் வேறு: வண்டிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தாமல் ஓட்டுவது. வருபவரின் கையில் பழைய பென்னி நாணயம் கொடுக்கிறார்கள். அதை நடத்துநரிடம் கொடுத்துச் சீட்டு வாங்கலாம். மின்மோட்டாரின் முனகல், வளைவில் சக்கரம் எழுப்பும் கிறீச்சொலி, கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்பி வேகம் கூட்டும் ஓட்டுநரின் நிதானம், இவை எதுவும் விளக்கப் பலகையில் அடங்காது. பட்டறை வித்தையும் இதனால்தான் பிழைத்திருக்கிறது. 1988 கிளாஸ்கோ தோட்டத் திருவிழாவுக்கு ஓடும் டிராம்கள் வேண்டியிருந்தபோது கிரிச்சிலிருந்து வண்டிகள் போனது இதற்கு நல்ல உதாரணம்.

ஓட்டத்துக்கு விலை உண்டு. சக்கரம் தேயும், கம்பிச்சுருள் கருகும், மரச்சட்டம் உளுக்கும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எஞ்சுவது எந்த வண்டி? செஸ்டர்ஃபீல்டின் 7ஆம் எண் டிராம் 1904-இல் பிறந்தது. சேவை முடிந்தபின் குடியிருக்கும் வீடாகவே பயன்பட்டது. அதை மீட்டு ஓடவைத்தார்கள். அபாரமான தச்சுவேலை, சந்தேகமில்லை. ஆனால் வீடாகிவிட்ட வண்டிக்குச் சக்கரச்சட்டம் ஏது? வேறிடத்திலிருந்து கொண்டுவந்துதான் சேர்க்க வேண்டும். ஒரு குடும்பம் குடியிருந்த தடயங்களும் புது வண்ணப்பூச்சில் மறைந்துபோகின்றன. டிராமின் வரலாறு அதன் கடைசிப் பயணத்தோடு முடிந்துவிட்டது என்ற எண்ணம் மீட்பாளர்களிடம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

வண்டிக்கு நேர்வது, அருங்காட்சியகத்துக்குள் பழைய பாணியில் அமைத்த தெருவுக்கும் நேர்கிறது. டெர்பி நகரத்தின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சபை மண்டபம் 1963-இல் தீக்கிரையானபின் அதன் முகப்பு இங்கே வந்தது. ரெட் லயன் மதுக்கடை ஸ்டோக்கிலிருந்து வந்தது. ஊருக்கு ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இந்த வீதி எந்த ஊரிலும் இருந்ததில்லை. இடிபாடாகப் போகவிருந்த முகப்பைக் காத்தது நல்லதே. ஆனாலும் நெரிசலோ கரியோ தொழிலாளரின் களைப்போ எட்டிப்பார்க்காத இவ்வளவு சுத்தமான பழமை கொஞ்சம் உறுத்தவே செய்கிறது.

இதற்கிடையே, அதிகம் பேசப்படாத வண்டி ஒன்று உண்டு. கிழக்கு பெர்லினில் ஓடிய அந்த டிராமை, சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஏறுவதற்காக மாற்றியமைத்திருக்கிறார்கள். தூய்மைவாதிக்கு இது குற்றம். ஆனால் செய்த மாற்றம் வெளிப்படையாகத் தெரிகிறது, காரணமும் தெரிகிறது. பழைய மரத்தைப் போலவே புது மரத்துக்கும் சாயம் பூசி ஒளிப்பதைவிட இது நேர்மையான வேலை. மற்ற வண்டிகளிலும் எது அசல், எது பிற்சேர்க்கை என்று பயணி கேட்காமலே காட்டலாம். ஒரே ஒரு பிரதி மட்டும் எஞ்சிய வண்டிகளில் சிலவற்றையாவது, உரிந்த சாயத்தோடு, ஓட்டாமல் விட்டுவைக்கலாம்.