கட்டைவிரலும் கனத்த யந்திரமும்

டீன் கேமன் 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோற்றுவித்த ஃபர்ஸ்ட் என்னும் ஸ்தாபனம், 1992 முதல் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர்களுக்கென ஆண்டுதோறும் நடத்திவரும் ரோபோப் போட்டியைப் பார்க்கிறவர்கள், களத்திலே மோதியும் விலகியும் ஓடுகின்ற யந்திரங்களின்மேல் கண்ணை வைத்திருப்பார்களேயன்றி, களத்தின் இரு கோடிகளிலும் தெளிந்த தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளின் கைகளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். வாரக்கணக்கில் கண்விழித்து, அலுமினியத்தை அறுத்து, மோட்டார்களைப் பொருத்தி, பல்லாயிரம் டாலர் செலவிட்டு உருவாக்கிய சுமார் 120 பவுண்டு எடையுள்ள அந்த யந்திரம், வீட்டுக் கூடத்தில் டெலிவிஷனுக்கு முன்னால் கிடக்கிற அதே வீடியோ கேம் கன்ட்ரோலரால்தான் பெரும்பாலும் ஓட்டப்படுகிறது.

இந்த வழக்கம் ஆதியிலிருந்தே இருந்ததன்று. 2008 வரையில் பழைய கணிப்பொறிகளின் பதினைந்து ஊசி இணைப்புடைய ஜாய்ஸ்டிக்குகள், அதாவது விமானப் பயிற்சி விளையாட்டுகளுக்கென்று செய்யப்பட்ட நெடுங்கைப்பிடிகள், இப்போட்டியில் ஆட்சி செலுத்தின. 2009-இல் புதிய கட்டுப்பாட்டு முறை வந்து, யூ.எஸ்.பி. செருகுவாய் உள்ள எந்தச் சாதனத்தையும் இணைக்கலாம் என்ற வழி பிறந்த பிறகு, எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், லாஜிடெக் முதலிய கன்ட்ரோலர்கள் தாமே வந்து அந்த ஸ்தானத்தில் அமர்ந்துகொண்டன.

இந்தக் கன்ட்ரோலரின் குணங்களை மறுப்பதற்கில்லை. விலை சொற்பம், போட்டியின் நடுவே உடைந்தால் அடுத்த தெருக் கடையில் மாற்று கிடைக்கும், முப்பது ஆண்டுகளாகப் பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கான கைகளில் பரீட்சித்துச் செதுக்கிய வடிவத்தை, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒரு பட்டறையில் தாமாகச் செய்துவிட முடியாது. இது சிக்கனத்தின் பொருட்டு ஏழைகள் செய்யும் சமாளிப்பும் அன்று. 2018-இல் சேவைக்கு வந்த யு.எஸ்.எஸ். கொலராடோ என்னும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில், பெரிஸ்கோப்பின் வேலையைச் செய்யும் கேமராத் தண்டைத் திருப்புவதற்கு, சுமார் 38,000 டாலர் விலையுள்ள கைப்பிடிக்குப் பதிலாக, முப்பது டாலருக்கும் குறைவான எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை அமெரிக்கக் கடற்படையே வைத்துக்கொண்டது. 2023-இல் டைட்டன் என்ற ஆழ்கடல் கலம் நொறுங்கியபோது, அதை ஓட்டிய விளையாட்டுக் கன்ட்ரோலரைத்தான் உலகம் எள்ளி நகையாடிற்று. நொறுங்கியதோ அதன் உடற்கூடு. பாமர நகைப்புக்குக் கண்ணில் படுகிற பொருள்தான் குற்றவாளி.

ஆகவே கன்ட்ரோலர் மலிவான பொம்மை என்பது என் ஆக்ஷேபம் அன்று. இரவல் சட்டையைத் தைத்தவன் அளவெடுத்தது வேறோர் உடம்புக்கு என்பதை அணிபவர் மறந்துவிடுகிறார் என்பதுதான்.

கேம்பேடு, அதாவது குச்சிகளைக் கட்டைவிரலால் ஆட்டும் இந்தக் கன்ட்ரோலர், பழக்கிவைத்த உலகம் கனமில்லாத உலகம். அங்கே முன்னோக்கி ஓடுகிற பாத்திரம், குச்சியைப் பின்னால் இழுத்த கணமே திரும்பி ஓடும். அதற்காக எவரும் விலை கொடுப்பதில்லை. இந்த அப்பியாசம் கட்டைவிரலில் ஊறிய பிள்ளை, களத்தில் முழு வேகத்தில் பாய்கிற ரோபோவின் குச்சியை ஒரே சொடுக்கில் எதிர்ப்புறம் தள்ளுகிறான். உடனே எல்லாச் சக்கர மோட்டார்களும் ஒருசேர மின்சாரத்தை உறிஞ்சுகின்றன, 12 வோல்ட் பாட்டரியின் அழுத்தம் சரிகிறது, அது 6.3 வோல்ட் அளவுக்குத் தாழ்ந்தால், 2015 முதல் இப்போட்டியின் மூளையாக வந்த ரோபோரியோ என்னும் கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மோட்டார்களை நிறுத்திவிடுகிறது. ஓட்டுகிறவனுக்கு இது யந்திரத்தின் திக்கல் என்று தோன்றும். பாட்டரியை மாற்றுவார்கள், கம்பிகளைச் சோதிப்பார்கள், மோட்டாரைப் பழிப்பார்கள். விரலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் கட்டளையை மெல்ல ஏற்றி மெல்ல இறக்குகிற ஒரு வரி நிரலை எழுதாமல் விட்ட தோஷம் கடைசியில்தான் தென்படும்.

அந்த இடைவெளியில்தான் இக்கலையின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. நெடுங்கைப்பிடியை ஓட்டுகிறவன் முன்கையால் அசைத்தான். கேம்பேடின் குச்சியோ ஓர் அங்குலத்துக்கும் குறைவான எல்லைக்குள் கட்டைவிரலின் நுனியில் ஆடுகிறது. அந்தச் சிற்றெல்லைக்குள் நின்ற நிலை முதல் பாய்ச்சல் வரை எல்லா வேகங்களையும் அடக்கவேண்டியிருப்பதால், எண்ணை அப்படியே மோட்டாருக்கு அனுப்புவது புத்திசாலித்தனமாகாது. பாதி தள்ளினால் 0.5 என்று வரும் எண்ணை வர்க்கமாக்கி 0.25 ஆக்கினால், நடுப்பகுதியில் மென்மையும் கோடியில் பூரண வேகமும் ஒருங்கே கிடைக்கும். மாணவர்கள் பயன்படுத்தும் டபிள்யூ.பி.ஐ.லிப் என்னும் நிரல் தொகுப்பு, சாதாரண இருபுறச் சக்கர வண்டிகளுக்கு இதைக் கேளாமலே செய்துகொடுக்கிறது. அந்த உபகாரத்தின் விபரீத பலன் என்னவென்றால், அது நடைபெறுகிறது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாமற் போகிறது.

குச்சியை விட்டுவிட்டாலும் அது சரியாகப் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. தேயத் தேய இந்த நழுவல் மிகும். அதனால் நடுவில் ஒரு சிறு வட்டாரத்தைச் செத்த பகுதியாக வைத்து, அங்கே வரும் எண்களைப் புறக்கணிக்கவேண்டும். எவ்வளவு புறக்கணிப்பது என்பதில் இரண்டு உலகங்களின் வேற்றுமை பிரத்தியட்சமாகத் தெரிகிறது. 32,767 வரை செல்லும் அளவுகோலில், மைக்ரோசாஃப்ட் தன் கன்ட்ரோலரின் இடக் குச்சிக்குச் சிபாரிசு செய்வது 7,849. அதாவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மாணவர்களின் நிரல் தொகுப்பிலோ, அதே இருபுறச் சக்கர வண்டிக்கு, தானாக அமைந்திருப்பது நூற்றுக்கு இரண்டு. விளையாட்டில் நாலில் ஒன்று போனாலும் நஷ்டம் தெரியாது. வளையத்தை முளையில் மாட்டுவது போன்ற வேலைக்காக அங்குலம் அங்குலமாக நகரவேண்டிய ரோபோவுக்கு அது பெரிய நஷ்டம். மறுபுறம், தேய்ந்த கன்ட்ரோலரில் நூற்றுக்கு இரண்டு போதாமல், எவரும் தொடாதபோதே யந்திரம் ஊர்ந்து செல்லும்.

எத்திசையிலும் சறுக்கிச் செல்லும் ஸ்வெர்வ் சக்கர அமைப்பு பரவிவிட்ட பிற்பாடு இன்னொரு சிக்கல் தோன்றியிருக்கிறது. செத்த பகுதியைக் கிடை அச்சுக்கும் நெடு அச்சுக்கும் தனித்தனியே நூற்றுக்குப் பத்தென்று வைத்துவிட்டால், குச்சியை முழுவதும் தள்ளி ஐந்து பாகை மட்டும் சாய்த்துச் செல்ல நினைக்கும் டிரைவருக்கு, பக்கவாட்டு எண் 0.09-ஐத் தாண்டாதபடியால், சாய்வே கிடைக்காது. ரோபோ நேராகத்தான் போகும். வட்டமாக நடுவிலிருந்து தூரத்தை அளந்து புறக்கணிப்பதே முறை. இதைக் கண்டுபிடிக்காத குழுவில் டிரைவரின் கைதான் திருத்தமில்லாதது என்று நிர்ணயம் ஆகிவிடும்.

விரல்களின் சங்கடத்தையும் சொல்லவேண்டும். ஸ்வெர்வ் ரோபோவில் இடக்கை விரல் நகர்த்த, வலக்கை விரல் திருப்ப, இரண்டும் சதா குச்சிகளின்மேல் இருந்தாகவேண்டும். ஆனால் ஏ, பி, எக்ஸ், ஒய் என்ற நான்கு பட்டன்களும் அதே வலக் கட்டைவிரலின் ஆட்சிக்குட்பட்டவை; பட்டனை அழுத்தும் அரை விநாடியில் ரோபோ திரும்புவதை மறந்துவிடுகிறது. பல ஆண்டுகளாக மாணவர் கையால் ஓட்டும் கட்டம் 135 விநாடியாக இருந்துவந்த போட்டியில் அரை விநாடி அற்பமன்று. விவேகமுள்ள குழுக்கள் ஓட்டுகையில் வேண்டியவற்றைச் சுட்டுவிரல்கள் எட்டும் தோள் பட்டன்களுக்கு மாற்றி, மற்றவற்றை ஆப்பரேட்டர் என்னும் இரண்டாமவரிடம் ஒப்படைக்கின்றன. அவருக்கெனப் பெரிய ஆர்கேட் பட்டன்களைப் பலகையில் பொருத்தி, பெயர் எழுதி ஒட்டி, தனிப் பெட்டி செய்பவர்களும் உண்டு. பரபரப்பில் எண்ணிப் பார்க்க நேரமில்லாத பிள்ளைக்கு, ‘உயரத் தூக்கு’ என்று எழுதிய பட்டன் ‘ஒய்’ என்று எழுதிய பட்டனைவிட ஆயிரம் மடங்கு உத்தமம் என்பது என் அபிப்பிராயம். எனினும் இந்தப் பட்டன் அமைப்பை, ஓட்டுகிறவரைக் கேளாமல், நிரல் எழுதுகிறவர் போட்டிக்கு முதல் நாள் இரவில் தீர்மானிக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

பார்வைக் கோணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் கேமரா பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னாலேயே செல்லும். களத்தில் ரோபோ டிரைவரை நோக்கித் திரும்பினால் இடம் வலமாகும். திசையறி உணரியைக் கொண்டு களத்தையே திசைக்கு ஆதாரமாக்கும் முறை வந்தபின் இந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது.

பரிச்சயம் என்ற குணமே வேறு விதத்தில் பக்ஷபாதமாகிறது. வீட்டில் கன்ட்ரோலர் பிடித்து வளர்ந்த பிள்ளை முதல் நாளே அழகாக ஓட்டுவான்; அவன் டிரைவர் ஆவான்; விளையாடாத பிள்ளைக்கு, அவள் பொறுமையும் களநோக்கும் உடையவளாயினும், அந்த இடம் எட்டாது. முதல் நாளின் லாகவத்தை ஆற்றலென்று கருதுவது அவசரம். வேறு கைகளுக்கு வேறு கருவி என்னும் உண்மையை விளையாட்டு உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது: உடல் இயக்கம் குறைந்தவர்களுக்காக 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில், வெளிப் பட்டன்களையும் மிதிகளையும் அவரவர் வசதிப்படி செருகிக்கொள்ளலாம்.

இவ்வளவு குற்றங்கள் சொன்னபிறகு, போட்டிக்கென்றே தனிக் கருவி வேண்டுமென்று நான் வாதிப்பதாக நினைக்கவேண்டாம். வெக்ஸ் என்னும் மற்றொரு மாணவர் போட்டி அப்படித் தன் கன்ட்ரோலரைத் தானே செய்துகொண்டது. செய்துமுடித்த வடிவமோ இரண்டு குச்சிகளும் பட்டன்களும் உடைய கேம்பேடாகவே இருக்கிறது. வடிவத்தின் வழக்கு தீர்ந்துவிட்டது. தீராதது அதற்குப் பின்னாலுள்ள நிரலின் வழக்கு. ஃபர்ஸ்ட் போட்டியில் கட்டுப்பாட்டில் காட்டும் புதுமைக்கென்றே ஒரு விருது உண்டு. அதை நாடிவரும் பிள்ளைகளிடம் கேமராவைப் பற்றியும் தானியங்கு பாதையைப் பற்றியும் வினவும் நடுவர்கள், கட்டைவிரலுக்கும் சக்கரத்துக்கும் இடையே எழுதிய அந்தப் பத்து வரிகளை ஏன் அவ்வாறு எழுதினீர்கள் என்றும், எழுதுமுன் டிரைவரைக் கேட்டீர்களா என்றும் வினவலாம்.