மூன்று பேன் சீப்பும் ஒரு எண்ணெய்த் தலையும்

இலங்கையின் எல்லயில் மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்த்த ஞாயிறு. லயத்து இஸ்தோப்பில் அக்கா மகளை உட்கார வைத்துச் சடையை அவிழ்த்தேன். காதுக்குப் பின்னால் ஈர் அப்பிக் கிடந்தது. சோதிக்கக் கையில் மூன்று பேன் சீப்புகள் இருந்தன: பிளாஸ்டிக், பேட்டரி, ஸ்டீல்.

பிளாஸ்டிக்: மலிவு. அடர்ந்த முடிக்குள் போனதும் பற்கள் விலகிக் கொடுக்கின்றன. பெரிய பேன் நாலைந்து வந்தது, ஈர் அசையவில்லை.

பேட்டரி: விலை அதிகம். பொத்தானை அழுத்தினால் வண்டு போல ரீங்காரமிடும். பேன் பற்களுக்கிடையே சிக்கினால் லேசான மின்சாரம் பாய்ந்து அதைக் கொல்லும், சத்தமும் நிற்கும். பிள்ளைக்கு ஒரே குதூகலம். ஆனால் இது காய்ந்த, எண்ணெயில்லாத முடியில்தான் வேலை செய்யும். தோட்டத்தில் தேங்காயெண்ணெய் வைக்காத தலையை எங்கே தேடுவது? ஈரையும் இது கொல்லாது. மூன்று வயதுக்குட்பட்டோர், வலிப்பு உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகவே ஆகாது.

ஸ்டீல்: நீண்ட, வளையாத, நெருக்கமான பற்கள். தலையை நனைத்து, கண்டிஷனர் தாராளமாகத் தடவினேன். அந்த வழவழப்பில் பேன் ஓட முடியாது. முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து, தலைத்தோலிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்தேன். பிளாஸ்டிக்கும் பேட்டரியும் விட்டுவைத்ததில் பதினேழு பேன் வந்தது. எள்ளைவிடச் சிறிய குஞ்சுகளும் சேர்த்தி.

ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். அதனால் 1, 5, 9, 13ஆம் நாட்களில் வாரினால், புதிதாகப் பொரித்தவை முட்டையிடுமுன் சிக்கும்.

பேன் சீப்பு ஒன்றும் புதிதல்ல. இஸ்ரேலின் லாக்கீசில் 2016இல் கிடைத்த, ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழைய தந்தச் சீப்பில், தலைப்பேனும் தாடிப்பேனும் ஒழிய வேண்டுமென்ற வேண்டுதலே பொறித்திருக்கிறது. அதிலும் ஒரு பக்கம் சிக்கெடுக்க, மறுபக்கம் பேனெடுக்க நெருக்கமான பல்.

வாரப் பொறுமையில்லையா? மருந்துக்கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் கேளுங்கள். கண்டிஷனர் இல்லாத ஷாம்பூவால் கழுவிய தலையில் 10 நிமிடம் வைத்து அலசி, ஒன்பதாம் நாள் மறுபடி. அம்மாயி சொன்ன மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம்: தோல் வெந்துவிடும், விறகடுப்பு எரிகிற வீட்டில் உயிருக்கே ஆபத்து.

தீர்ப்பு: பிளாஸ்டிக்குக்கு ஐந்தில் இரண்டு, பேட்டரிக்கு ஒன்றரை, ஸ்டீலுக்கு நாலரை. குறைத்த அரை, ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் கேட்பதற்காக.

பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டினால் ஏறும். ஆகவே வீட்டில் எல்லாத் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். இதை எழுதுமுன் ஸ்டீல் சீப்பை என் தலையிலும் ஓட்டினேன். துணியில் நான்கு.