எழுத்து எது என்று சொல்லாத விதி

"விதிகளை முழுக்க எழுதிவிட்டால் சுவை போய்விடும். ஐயம் வந்தவர்கள் கேட்கட்டும், தெளிவுபடுத்திவிடலாம்." கோட் கால்ஃப் எனப்படும் குறுநிரல் புதிர்களை நடத்துகிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சமாதானம் இது. அது இப்போது நம் பக்கத்து ஆசிரியர்கள் வாயிலும் வருகிறது. மாணவனுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் வளரும் என்று ஒரு நியாயத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு பைட் குறைந்தால் வெற்றி, ஒரு பைட் கூடினால் தோல்வி என்று இருக்கும் ஆட்டத்தில் விதியைப் பிறகு தெளிவாக்குவது பரிசைப் பிறகு தீர்மானிப்பதுதான்.

நன்மைகள் உண்டு. உள்ளீடு காலியாக வந்தால் என்ன செய்வது, விடைக்குப் பின் ஒரு வெற்று வரி கூடுதலாக வந்தால் செல்லுமா, எண்ணைச் சொல்லாக எடுத்துக்கொள்ளலாமா என்றெல்லாம் பலர் கேட்டுக் கேட்டுத்தான் நல்ல புதிர் உருவாகிறது. விதியின் ஓட்டையைக் காண்பதும் ஒரு திறமைதான். 1984-இல் தொடங்கிய புகழ்பெற்ற குழப்பச் 'சி' நிரல் போட்டிக்கு 1994-இல் ஒருவர் வெற்றுக் கோப்பை அனுப்பினார். தன்னைத் தானே அச்சிடும் நிரல்களில் உலகிலேயே சிறியது என்பது அவர் வாதம். நிரலும் பூஜ்யம் பைட், வெளியீடும் பூஜ்யம் பைட். நடுவர்கள் அதற்கு 'விதிகளின் மிக மோசமான மீறல்' என்ற பரிசைக் கொடுத்துவிட்டு, பிறகு வந்த விதிகளில் அந்த வாசலை அடைத்தார்கள். மீறலுக்கென்றே தனிப் பரிசு இருந்ததால் அங்கே யாருக்கும் அநீதி நேரவில்லை.

குறுநிரல் புதிரில் அப்படித் தனிப் பரிசு கிடையாது. ஓட்டையில் நுழைந்தவனும் நேர்வழியில் வந்தவனும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள். அங்கே ஒவ்வொரு நிபந்தனைக்கும் விலை உண்டு. காலி உள்ளீட்டைச் சோதிக்கச் சொன்னால் நிரல் சில பைட்டுகள் நீளும். எனவே விதி பேசாமல் விட்ட இடமெல்லாம் சும்மா கிடைக்கும் மதிப்பெண். ஐயத்தைக் கேட்ட மாணவன் "ஆமாம், சோதிக்கத்தான் வேண்டும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு தன் நிரலை நீட்டுகிறான். கேட்காதவன் குட்டையான நிரலோடு முன்னால் நிற்கிறான். பதில் எல்லோருக்கும் பொருந்தும் என்று அறிவித்தால், அதற்குமுன் விடை அனுப்பியவர்களின் உழைப்பு வீணாகிறது. எப்படிப் பார்த்தாலும் கேட்டவனுக்கு ஆதாயமில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் இப்படியா வளரும்?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வெற்று வரியைப் பற்றியும் காலி உள்ளீட்டைப் பற்றியும் சலிக்காமல் விளக்கம் தருகிறவர்கள், புதிரின் நடுவில் கிடக்கும் ஒரு சொல்லை மட்டும் விளக்குவதே இல்லை. கொடுத்த சொல்லில் எத்தனை எழுத்து, சொல்லை எழுத்தெழுத்தாகத் திருப்பு, இருபுறமும் ஒன்றாகப் படிக்க வருமா பார் என்று எந்தத் தொகுப்பைத் திறந்தாலும் இவைதான் முதலில் இருக்கும். எழுத்து என்றால் எது? ஆங்கிலத்தில் வளர்ந்த ஆட்டத்துக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அங்கே ஓரெழுத்து, ஒரு பைட், திரையில் ஓரிடம் என்று மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

எங்கள் ஊரின் பெயரையே வைத்துப் பாருங்கள். கொல்லங்கோடு என்பதில் கொ, ல், ல, ங், கோ, டு என்று ஆறு எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பைத்தான் மொழியைக் கேட்டால் 11 என்கிறது. மெய்க்குரிய புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் இவை ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 33. ஒகர ஓகாரக் குறிகளைக் கொம்பும் காலுமாகப் பிரித்து வைப்பதும் யூனிகோடில் சமமான வடிவம்தான். அப்படி வைத்தால் 13 குறியீடு, 39 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ் 16 முறையில் எழுத்துக்கு 2 பைட் வீதம் 12. ஸ்விஃப்ட் மொழி, பிள்ளை எண்ணுவதைப் போலவே 6 என்கிறது. ஒரே பெயருக்கு இத்தனை கணக்கு இருக்க, 'எழுத்துகளை எண்ணுக' என்ற இரண்டு சொல்லை விதி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

விகடகவி என்ற சொல்லை இருபுறமும் ஒன்றாகப் படிக்க வரும் என்று நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தருகிறார்கள். பைத்தானில் இதைச் சோதிக்கும் மிகக் குறுகிய வழி, சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி மூலத்தோடு ஒப்பிடும் ஒற்றை வரி. அந்த வரி விகடகவியை 'இல்லை' என்று தள்ளிவிடும். திருப்பும்போது இகரக் குறி தன் வகரத்தை விட்டு முன்னால் போய் அநாதையாக நிற்கிறது. மூன்றாம் திருமுறையில் சம்பந்தர் திருமாலைமாற்று பாடிய மொழியில், மாலைமாற்றைச் சோதிக்கும் நிரல் தவறான விடை தருகிறது; அந்தத் தவறான நிரலுக்கே முதல் பரிசும் போகிறது. சரியாக எழுதத் துணிந்த மாணவன் ஓப்பன்-தமிழ் நூலகத்தை இறக்குமதி செய்து, எழுத்துகளைப் பிரித்து, பிறகு ஒப்பிட வேண்டும். நூலகத்தின் பெயரை எழுதுவதற்குள்ளேயே அவன் தோற்றுவிடுகிறான்.

"பைட் எந்த மொழிக்கும் சார்பில்லாதது" என்பது இங்கே தவறாமல் வரும் மறுப்பு. எழுத்தை எண்ணினால் ஏமாற்றலாம் என்பதும் அதோடு வரும். பின்னதில் உண்மை உண்டு. 140 எழுத்துக்குள் ஓவியம் வரையும் ஜாவாஸ்கிரிப்ட் ஆட்டம் ஒன்றில், இரண்டு ஆங்கில எழுத்தை ஒரே யூனிகோடு குறியீட்டுக்குள் மடித்து 194 எழுத்து நிரலை நுழைக்கிறார்கள். ஆனால் அதை அடைக்க ஒரு வரி விதி போதும். முன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஜெல்லி போன்ற மொழிகள் கோட் கால்ஃபுக்காகவே உருவானவை. அவை தமக்கென்று 256 குறிகள் கொண்ட பட்டியல் ஒன்றை வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு குறியையும் ஒரு பைட் என்று எண்ணச் சொல்கின்றன. அதற்கு விதி இடம் கொடுக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் அச்சிடும் கட்டளை 'பதிப்பி'. நாலே எழுத்து, 21 பைட். ஆங்கிலத்தில் அதே கட்டளைக்கு 5 பைட். தமிழின் மொத்த எழுத்து 247. அது 256-க்குள் அடங்கும், எண்களுக்கும் குறிகளுக்கும்தான் இடம் நெருக்கும். நேற்று பிறந்த விளையாட்டு மொழிக்குக் கிடைக்கும் சலுகை, இத்தனை நூற்றாண்டாக எழுதப்பட்டு வரும் எழுத்துக்கு ஏன் இல்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இதற்குச் சார்பின்மை என்று பெயர் வைப்பது அநியாயம்.

எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று சொல்லும் ஒழுங்கு நமக்குப் புதிதில்லை. அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையைக் கட்டளைக் கலித்துறையில் பாடினார். நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17, ஒற்றை எண்ணக்கூடாது. அந்தக் கணக்கில் எங்கள் ஊர்ப் பெயர் நான்கே எழுத்து. புலவன் ஏட்டை எடுக்குமுன் இது அவனுக்குத் தெரியும். பாடி முடித்தபின் அவைக்கு வந்து மெய்யெழுத்து உண்டா இல்லையா என்று கேட்டு நிற்க வேண்டிய நிலை அவனுக்கு இல்லை. கேரளத்தின் அட்சரசுலோகத்திலும் அப்படித்தான். முந்தையவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் வரி எந்த எழுத்தில் தொடங்கியதோ அதில் அடுத்தவர் தொடங்க வேண்டும், அனுஷ்டுப் யாப்பு செல்லாது. உட்காரும்போதே எல்லோருக்கும் தெரிந்த விதி. இந்த இரண்டு மரபும் சந்திக்கும் ஊர்களில் பிறந்த பிள்ளைகளிடம் போய், விதி மயக்கம்தான் சுவை என்று பாடம் நடத்துகிறோம்.

தமிழக-கேரள எல்லையோரத்து இந்த ஊர்களில் இது வெறும் விளையாட்டு விஷயமாக நின்றுவிடுவதில்லை. சித்தூர் வட்டத்திலும், மலைக்கு அப்பால் இடுக்கியிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கேரள அரசின் கைட் நிறுவனம் 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் வழியாகப் பள்ளிப் பிள்ளைகள் கணினியில் பலவற்றைச் செய்து பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஒருத்தி தன் ஊர்ப் பெயரைத் திருப்பிப் பார்க்கிறாள். சிதறிய குறிகள் திரையில் விழுகின்றன. நிரல் சரி, உன் மொழிதான் கணினிக்கு ஒத்துவரவில்லை என்று அவள் எடுத்துக்கொள்வாள். பக்கத்து மலையாளப் பிள்ளைக்கும் அதே கதி. அந்த எழுத்திலும் ஊர்ப் பெயருக்கு 33 பைட்தான். மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008-இல் யூனிகோடு தனி இடம் தந்தது; அதற்குமுன் மூன்று குறியீடாக எழுதப்பட்ட ஒரு சில்லு இப்போது ஒன்றாகிறது. பழைய முறையில் தட்டிய சொல்லும் புதிய முறையில் தட்டிய சொல்லும் படிக்க ஒன்று, நீளத்தில் வேறு.

ஆகவே புதிர் போடுகிறவர்களிடம் நான் கேட்பது, முதல் விடை வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டிய இரண்டு வரிகள். நிரலின் நீளத்தை எதில் அளக்கிறோம் என்பது ஒன்று. உள்ளீட்டில் எழுத்து என்று எதைக் கொள்கிறோம் என்பது மற்றொன்று. முன்னது பைட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காகக்கூட நான் இவ்வளவு வாதாட மாட்டேன். பின்னதை விளக்கச் சோதனை உள்ளீடுகளையும் சேர்த்துக் கொடுங்கள்: விகடகவி இருக்கட்டும், பலரும் ஓரெழுத்தாக எண்ணும், யூனிகோடு கணக்கில் இரண்டாகப் பிரியும் க்ஷ இருக்கட்டும், ஸகரத்தாலும் ஶகரத்தாலும் இருவகையாகத் தட்டப்படும் ஸ்ரீ இருக்கட்டும். இவற்றில் தடுக்கி விழும் நிரல் எத்தனை குட்டையாக இருந்தாலும் பட்டியலில் ஏறக்கூடாது.